மழைநாளில் சீன மை

கொட்டகலையில் மழை பிடித்துவிட்டால் காகிதமும் ஈரம் இழுத்துக்கொள்ளும், வைத்த மை பரவிவிடும். அதனால் சீன எழுத்தைத் தூரிகையால் எழுதிப் பழக உட்காரும்போது மையைக் கொஞ்சம் கெட்டியாகவே அரைக்கிறேன். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து மைக்கட்டியைக் கல்லில் மெதுவாகத் தேய்க்கும்போதே மனம் அடங்கத் தொடங்கிவிடும்.

நான் எழுதிப் பழகுவது இதய சூத்திரம் என்ற சிறிய பௌத்த நூல். யுவான் சுவாங் பெயரில் வழங்கும் சீன வடிவம், 260 எழுத்துகள். அதைப் பார்த்து எழுதுவதே புண்ணியம் என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. ஒரு படுக்கைக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தூரிகை நுனியை முதலில் இடப்பக்கம் லேசாகத் தள்ளி, கோட்டுக்குள்ளேயே மறைத்து, அப்புறம்தான் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். முடிவில் நிறுத்தி, வந்த வழியே சற்றுத் திரும்ப வேண்டும். மேலே மறுபடி தீட்டித் திருத்துவது கூடாது. மூச்சு தடுமாறினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு இது தியானமேதான்.

சீனாவின் தாங் அரச வம்சக் காலத்துத் துறவி ஹுவாய்சு, காகிதத்துக்கு வசதியில்லாமல் வாழையிலையில் எழுதிப் பழகினாராம். நம் வீட்டு வாழையிலையில் ஒருதரம் எழுதிப் பாருங்கள், அந்த வழுவழுப்பில் மை நிற்கவே நிற்காது. எவ்வளவு பொறுமை அவருக்கு!

தமிழருக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கைக்குக் கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் காலி நகரக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில் இருக்கின்றன. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனால் பாருங்கள்.