ஒருநபர் கம்பெனியும் எங்கள் வீட்டு முகவரியும்

அம்பத்தூரில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் என் தொழிலைப் போன மாதம் ஒருநபர் கம்பெனியாகப் பதிவு செய்தேன். அதுவரை புரோப்ரைட்டர்ஷிப்தான், அதில் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலும் நானும் ஒரே ஆள், கடைக்கு வாங்கிய கடனுக்கு என் வீடும் நகையும்கூடப் பதில் சொல்ல வேண்டும், இதை நினைத்தே பல ராத்திரி தூக்கம் போயிருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டம் கொண்டுவந்த இந்த வடிவத்தில், மோசடி ஏதும் செய்யாதவரை, நான் போட்ட பங்குத்தொகையோடு என் பொறுப்பு நின்றுவிடும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கம்பெனியை ஏற்றுக்கொள்ளும் நாமினி என் அக்கா.

ஆனால் வங்கிக் கடனுக்குப் பர்சனல் கேரண்டி, அதாவது கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்ற உறுதி, கேட்பார்கள். கையெழுத்துப் போட்டால் அந்தக் கடனுக்கு இந்தப் பாதுகாப்பு போச்சு. ஒவ்வொரு தாளையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் முகவரி. கம்பெனியின் பதிவு அலுவலக முகவரி கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் யார் தேடினாலும் கிடைக்கும், வாசலிலும் கம்பெனி பெயர், முகவரியோடு பலகை மாட்டியாக வேண்டும். அம்மா பகலெல்லாம் தனியாக இருக்கும் வீடு எங்களுடையது. அதனால் கிண்டியில் மாத வாடகைக்குச் சின்ன அறை பிடித்தேன். உரிமையாளரின் என்ஓசியும் (ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) இரண்டு மாதத்துக்கு மேற்படாத கரண்ட் பில்லும் கேட்டார்கள். இயக்குநராக என் பெயர் தெரியத்தான் செய்யும், சரி. பலகை மட்டும் கிண்டியில் தொங்குகிறது.