மாருதி 800-க்கு அடியில் சைலன்சர் வேலை: ஜாக்கியும் முட்டும்

என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி 800. எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னால் சைலன்சர் பெட்டிதான் ஓரமெல்லாம் துருவேறி, ஸ்டார்ட் செய்தால் தெருமுனை டீக்கடை வரை கேட்கிற நிலைக்கு வந்துவிட்டது. புதுப்பேட்டையில் புதுப் பெட்டி கிடைத்தது. மாற்றுகிற வேலை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை: குழாய்கள் சேரும் ஃபிளாஞ்சில் போல்டு, பெட்டியைத் தொங்கவிடுகிற ரப்பர்கள், நடுவில் புகை கசியாமல் அடைக்கிற ஒரு கேஸ்கெட், அவ்வளவுதான். ஆனால் அதற்கு வண்டிக்கு அடியில் படுத்தாக வேண்டும். அதனால் இந்தக் குறிப்பில் சைலன்சரைவிட வண்டியைத் தூக்கி நிறுத்திய கதைதான் அதிகம்.

முதலில் வண்டியோடு வந்த ஜாக்கி. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு பையில் கிடக்குமே, அந்தச் சிசர் ஜாக்கி. வெயிலில் வைத்து நன்றாகப் பார்த்தேன். தகடு மடித்துச் செய்த நான்கு கைகள், நடுவில் ஒரு நீள ஸ்க்ரூ, கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாதம். பாதி உயரத்துக்குத் திறந்து வைத்து உச்சியைப் பிடித்து ஆட்டினால் ரிவெட் இருக்கிற இடங்களில் கடகடவென்று ஆடுகிறது. நேராக மேலிருந்து அழுத்தினால் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் அதற்குப் பலமே இல்லை, பாதம் சின்னது, சாய்ந்துவிடும். ரோட்டோரத்தில் ஸ்டெப்னி மாற்றுவதற்காகச் செய்த சாமான் அது. அந்த வேலையில் ஆள் வண்டிக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். இதை வைத்துத் தூக்கிவிட்டு அடியில் போகாதே என்று கார் கையேடுகளே சொல்கின்றன. யார் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

சின்ன வண்டிதானே என்று தோன்றும். மாருதி 800-இன் எடை ஏறக்குறைய 650 கிலோ. எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்பக்கத்து ஒரு மூலையில் மட்டும் 200 கிலோவுக்குக் கிட்டத்தட்ட நிற்கும், பின்னால் கொஞ்சம் குறைவு. அரிசி மூட்டைக் கணக்கில் பார்த்தால் அது பெரிய எடையாகத் தெரியாது. மார்பின் மேல் உட்கார்ந்தால்தான் தெரியும். எலும்பு முறிய வேண்டும் என்றுகூட இல்லை. மார்பு விரிய இடம் இல்லாவிட்டால் மூச்சை இழுக்க முடியாது, மூச்சு இல்லாவிட்டால் கூப்பிடக் குரலும் வராது. வீட்டில் தனியாக வேலை செய்கிறவனுக்கு உண்மையான ஆபத்து அதுதான். பக்கத்து அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒன்றுமே கேட்டிருக்காது.

சரி, அடுத்து சக்கரம் வைத்த ட்ராலி ஜாக்கி. 2 டன் என்று போட்டிருக்கும் சாதாரண வகை. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் நடப்பது எளிமையான விஷயம்: கைப்பிடியை அடிக்கும்போது சின்ன பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது, பெரிய பிஸ்டன் மேலே ஏறுகிறது. ஏறிய எண்ணெய் திரும்பி வராமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு வால்வும் ரப்பர் சீலும்தான். வால்வில் ஒரு தூசி உட்கார்ந்தாலோ சீல் காய்ந்துபோனாலோ எண்ணெய் கசியும், வண்டி இறங்கும். 2 டன் என்ற எழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு டன்கூட இல்லாத வண்டிக்கு 2 டன் ஜாக்கி தாராளம். ஆனால் வீட்டு வேலையில் ஜாக்கி கைவிடுவது பெரும்பாலும் எடை தாங்காமல் அல்ல. வழுக்கி, சாய்ந்து, தரை இறங்கி, சீல் கசிந்துதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை செய்தேன். சாயங்காலம் வண்டியின் பின்பக்கத்தை ட்ராலி ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு (தூக்கிய வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புத் தாங்கி) வைத்து, ஸ்டாண்டுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி விட்டேன். யாரும் கிட்டே போகாதபடி கேட்டைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் வண்டி ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருந்தது, நடுவில் ஒரு தாள்கூட நுழையவில்லை. ஜாக்கியின் வெளியே ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கசிவு உள்ளேயே, வால்வு வழியாக. ஜாக்கி கெட்டுப்போனது என்று நான் இதைத் தூக்கிப் போடவில்லை. தூக்குகிற சில நிமிடங்களுக்கு இது போதும். அதற்கு மேல் தாங்குவது இதன் வேலை அல்ல.

தாம்பரம் பக்கம் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிப்போன இடங்களில் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை உடைத்து வரிசையாக ஜாக்கி செருகி, எல்லோரும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். அவை ஸ்க்ரூ ஜாக்கி, எண்ணெய் இறங்குமோ என்ற கவலை அதில் இல்லை. அப்படியிருந்தும் ஏற ஏற அடியில் அண்டை கொடுத்துக்கொண்டே போவார்கள், கடைசியில் செங்கல் கட்டி ஜாக்கியை உருவிவிடுவார்கள். வீட்டைத் தூக்குகிறவர்களே ஜாக்கியை நம்பி வீட்டை நிறுத்துவதில்லை. நாம் காரை நிறுத்துகிறோம்.

அடுத்து தரை. இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. எங்கள் வாசலில் பேவர் பிளாக் பதித்திருக்கிறது, மழைத் தண்ணீர் ஓடுவதற்காகக் கேட் பக்கம் சாய்வு. நின்று பார்த்தால் தெரியாது. ஒரு கோலிக்குண்டை விட்டுப் பார்த்தால் நேரே கேட்டுக்கு ஓடுகிறது. இந்தச் சாய்வில் பின்பக்கத்தைத் தூக்கினால் வண்டி கேட் பக்கம் நகரப் பார்க்கும். அதோடு பேவர் பிளாக்கின் இடுக்கு வேறு ஒரு தொல்லை. ட்ராலி ஜாக்கியின் கை நேர்கோட்டில் ஏறாது, கீல் போல வளைந்து ஏறும். அதாவது தட்டு மேலே போகப் போகக் கொஞ்சம் பின்னாலும் வரும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஜாக்கியின் இரும்புச் சக்கரங்கள் உருண்டு உள்ளே போக வேண்டும். சக்கரம் கல்லின் இடுக்கில் மாட்டிக்கொண்டால் ஜாக்கி நகராது, வண்டியும் நகராது, அப்புறம் வழுக்குவதற்கு மிச்சமிருப்பது தட்டுதான். இரும்பும் இரும்பும் உரசும் கீச்சென்ற ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் நிறுத்தி, இறக்கி, மறுபடி வைக்க வேண்டும்.

ஷெட்டுக்குள் சிமென்ட் தளம் போட்ட பகுதி கிட்டத்தட்ட மட்டமாக இருந்தது. அங்கே மாற்றிக்கொண்டேன். தார் ரோட்டில் செய்யலாமே என்று மெக்கானிக் அண்ணன் ஒருவர் சொன்னார். சித்திரை வெயிலில் தார் இளகும், ஸ்டாண்டின் கால்கள் பதிந்து இறங்கும். வேண்டாம் என்று விட்டேன்.

ஸ்டாண்டுக்கு வருவோம். பலர் இங்கே வைப்பது ஹாலோ பிளாக். கட்டிடம் கட்ட நல்ல கல்தான், ஆனால் எடை அதன் முழு முகத்திலும் பரவினால்தான் தாங்கும். காரின் ஓரத் தகடு ஒரே கோட்டில் உட்கார்ந்தால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பட்டென்று உடையும். செங்கலும் அப்படித்தான். மரக்கட்டை நசுங்கும், முனகும், அதாவது தகவல் சொல்லும். கட்டியான மரத்துண்டுகளை இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி வைப்பது நல்ல முட்டு. சா மில்லில் கேட்டால் துண்டு கிடைக்கும்.

கடை ஸ்டாண்டில் இரண்டு வகை. பல்சக்கரம் போலப் பல் வைத்து நெம்புகோலில் நிற்பது ஒன்று, துளையில் குறுக்கே முள் செருகுவது இன்னொன்று. நான் முள் வகையை வாங்கினேன். பல் வகை கெட்டது என்று சொல்ல வரவில்லை, ஆனால் பல் சரியாகப் பொருந்தியதா என்று வெளியே இருந்து தெரிவதில்லை. 2020-இல் அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் நிறுவனம் பிட்ஸ்பர்க் என்ற பெயரில் விற்ற பல் வகை ஸ்டாண்டுகளைப் பெரிய எண்ணிக்கையில் திரும்பப் பெற்றது. செய்கிற அச்சு தேய்ந்துபோனதால் பற்கள் சரியாகக் கவ்வாமல், எடை இருக்கும்போதே இறங்க வாய்ப்பிருந்தது. அதற்குப் பதிலாக வந்த ஸ்டாண்டுகளிலும் சிலவற்றில் வெல்டிங் குறை என்று அதே ஆண்டில் மறுபடி அழைத்தார்கள். முள் வகையில் முள் உள்ளே போயிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரியும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: முள் தொலைந்துவிட்டது என்று கம்பித் துண்டையோ ஏதோ ஒரு போல்டையோ செருகுவது இங்கே சகஜம். அது வேறு எஃகு, வேறு பருமன். ஸ்டாண்டுக் கால்களுக்கு அடியில் கட்டிப் பிளைவுட் துண்டு ஒன்று போட்டேன், எடை பரவட்டும் என்று.

தூக்குவதற்கு முன் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. லாரிக்காரர்கள் கையோடு வைத்திருப்பார்களே, அதே மாதிரி ஆப்பு வடிவக் கட்டை. ஹேண்ட் பிரேக் போட்டாயிற்றே என்று விட முடியாது. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. பின்பக்கம் காற்றில் தொங்கும்போது அது எதைப் பிடித்து என்ன? முதல் கியரில் போட்டால் முன்சக்கரங்கள் எஞ்சினோடு சேர்ந்து நிற்கும், அது உதவும். ஆனால் முன்பக்கத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்குகிற வேலையாக இருந்தால் கியரும் பயன்படாது. இரண்டு சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருக்கிற சக்கரம் தாராளமாக உருளும். அங்கே ஹேண்ட் பிரேக்தான் தோழன். எந்தப் பக்கத்தைத் தூக்குகிறோம் என்பதைப் பொறுத்து எது வண்டியைப் பிடிக்கிறது என்பது மாறும். கட்டை மட்டும் எப்போதும் வேலை செய்யும்.

இன்னொரு சிக்கல், ஜாக்கி வைக்கிற இடமும் ஸ்டாண்டு வைக்கிற இடமும் ஒன்றே. கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் அந்த ஓரம். அங்கே ஜாக்கி நின்றால் ஸ்டாண்டுக்கு இடம் ஏது? அதனால் பின்னாலிருந்து ஜாக்கியை நீட்டி, பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கிற ஆக்சில் குழாயின் நடுவில், பிரேக் பைப்பில் படாமல், பழைய டயர்த் துண்டு ஒன்றை நடுவே வைத்துத் தூக்கினேன். இரண்டு பக்கமும் சமமாக ஏறியது. அப்புறம் ஓரங்களில் ஸ்டாண்டு. அதற்கு முன்னால் ஸ்க்ரூடிரைவர் பிடியால் அந்த ஓரத் தகடு முழுக்கத் தட்டிப் பார்த்தேன். நல்ல இரும்பு டிங் என்கிறது. துருப்பிடித்த இடம் அட்டையைத் தட்டுகிற மாதிரி மொத்தென்கிறது. பின்னால் இரண்டு பக்கமும் டிங். முன்னால் டிரைவர் பக்கம் மொத்.

வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் ஜாக்கியை முழுக்க எடுத்துவிடவில்லை. ஆக்சிலைத் தொட்டும் தொடாமலும் அங்கேயே விட்டேன். ஒரு பின்சக்கரத்தைக் கழற்றி ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்தேன், மறுபக்கம் ஸ்டெப்னி. எல்லாம் போனாலும் சக்கரத்தின் பருமன் அளவுக்காவது இடைவெளி மிஞ்சும்.

கடைசியில் ஆட்டிப் பார்ப்பது. அன்றைக்குத் துணைக்கு அக்கா மகன் வந்திருந்தான். கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்கிறான், அதனால் எல்லாம் தெரியும். நான் இடுப்பால் வண்டியை முட்டித் தள்ளுவதைப் பார்த்துச் சிரித்தான்.

“மாமா, நீங்களே தள்ளிவிட்டா விழாதா?”

“விழறதா இருந்தா இப்பவே விழட்டும்டா. நான் வெளியதானே இருக்கேன்.”

அவனையும் ஒரு பக்கம் தள்ளச் சொன்னேன். ஸ்டாண்டு ஒரு நூல்கூட நகரவில்லை. அவனுக்கு ஜாக்கியின் கைப்பிடியை எப்படித் திருகி மூடுவது, எப்படி அடித்து ஏற்றுவது என்று காட்டி, செய்யவும் வைத்தேன். ஏதாவது ஆனால் என் காலைப் பிடித்து இழுக்க வேண்டாம், முதலில் ஜாக்கியை அடி என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நடுநடுவே “டேய், இருக்கியா?” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சைலன்சர் வேலை எதிர்பார்த்தபடிதான். ஃபிளாஞ்ச் போல்டுகளுக்கு முந்தின நாளே துரு எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். ஒன்று இளகியது, ஒன்று மசியவில்லை. அடியில் படுத்துக்கொண்டு நீளமான பிடி போட்டு முழு பலத்தோடு இழுப்பதுதான் ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை அசைக்கிற முதல் காரணம், குறிப்பாகப் பக்கவாட்டில் இழுத்தால். கிரைண்டர் போட்டால் ஒரு நிமிட வேலை, ஆனால் பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது, தீப்பொறி பறக்கும். ஹேக்சா பிளேடால் உட்கார்ந்து அறுத்தேன். கை வலித்தது, வண்டி ஆடவில்லை. ரப்பர்களில் சோப்புத் தண்ணீர் தடவியதும் பெட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. கையில் எடுத்தபோது உள்ளே துருத்தூள் மணல் மாதிரி சலசலத்தது.

புதுப் பெட்டி மாட்டி, கேஸ்கெட் வைத்து முறுக்கி, கழற்றிய சக்கரத்தையும் மாட்டி, கருவிகளையெல்லாம் வெளியே எடுத்த பிறகு ஜாக்கியை ஏற்றி ஸ்டாண்டுகளை உருவினேன். இறக்கும்போது வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். சட்டென்று திருகினால் வண்டி தொப்பென்று விழுந்து ஜாக்கியையும் வளைக்கும்.

இப்போது ஸ்டார்ட் செய்தால் சத்தம் கேட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இதே ஏற்பாட்டில் கிளட்ச் பிளேட், கியர்பாக்ஸ் எல்லாம் இறக்க முடியுமா என்று அக்கா மகன் கேட்டான். முடியும், நான் செய்ய மாட்டேன். அவ்வளவு எடையை மார்புக்கு மேலே வைத்துக்கொண்டு ஆட்டி இழுக்கிற வேலைக்குக் குழி உள்ள ஷெட்தான் சரி.

அடுத்த வேலை முன்சக்கரத்து ஆக்சில் பூட், அதாவது மூட்டில் கிரீஸைப் பிடித்து வைக்கிற ரப்பர் உறை, மாற்றுவது. அது டிரைவர் பக்கம்தான் கிழிந்திருக்கிறது, மொத்தென்று சத்தம் கொடுத்த அதே பக்கம். அந்த ஓரத்துத் துருவை வெட்டிப் புதுத் தகடு வைக்க டிங்கரிங் கடையில் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு முன் முடியாது என்கிறார். அதுவரைக்கும் உறையின் கிழிசல் வழியாக கிரீஸ் தெறித்துக்கொண்டிருக்கும், தூரப் பயணம் மட்டும் இல்லை.