வெள்ளை அசேலியா: பூ பழுப்பேறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அசேலியா ஒரு பூப்புதர்ச்செடி. சிவப்பு அசேலியாவில் இதழோரம் லேசாகக் கருகினால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வெள்ளையில் ஒரு பொட்டுப் பழுப்பும் கண்ணை உறுத்தும். அதனால் வெள்ளை ரகங்களுக்கு இடம் பார்ப்பதிலிருந்தே கவனம் தேவை. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் மேரிலாந்து, வர்ஜீனியா பக்கத்துக் களிமண் தோட்டங்களை மனதில் வைத்துத்தான்.

இந்தத் தட்பவெப்பத்துக்கென்றே பெரிய பூ அசேலியாக்களை உருவாக்கியவர் அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவின் முதல் இயக்குநர் பி.ஒய். மாரிசன். அவருடைய 454 கிளென் டேல் ரகங்களில் 'கிளேசியர்' இளம்பச்சைச் சாயலோடிய வெள்ளை. 'ட்ரெஷர்' மொட்டில் இளஞ்சிவப்பு, விரிந்தால் வெள்ளை. குளிர் கடுமையான இடத்துக்கு 'டெலவேர் வேலி ஒயிட்' நல்லது. பாதையோரத்துக்கு, தாமதமாகப் பூக்கும் குட்டை ரகமான 'கம்போ ஒயிட்'.

காலை வெயிலும் மதியத்துக்கு மேல் நிழலும் விழும் இடமே சரி. பைன் மரங்களுக்கடியில் சல்லடை நிழல் கிடைத்தால் இன்னும் நல்லது. சிமென்ட் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சுவரிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணின் அமிலத்தன்மை குறையும். மண்ணின் பி.எச். (குறையக் குறைய அமிலம் கூடும் எண்) 4.5 முதல் 6.0 வரை இருக்க வேண்டும். கூடினால் செடி இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இளந்தளிர் மஞ்சளிக்கும். அதற்குக் கந்தகம் போடலாம். அலுமினியம் சல்பேட் வேண்டாம், வேரைக் கெடுக்கும்.

அசேலியாவின் வேர் தலைமுடி போல மெல்லியது, ஆழம் போகாது. களிமண்ணில் ஆழக் குழி வெட்டி நட்டால் நீர் தேங்கி வேர் அழுகும். செடிகள் சாவதற்கு முதல் காரணம் இதுதான். குழியை அகலமாக, தாய்மண்ணைப்போல் (செடியின் வேரோடு வரும் மண்கட்டி) மூன்று மடங்கு வெட்டுங்கள். ஆழம் மட்டும் குறைவாக இருக்கட்டும். தாய்மண்ணின் மேல்மட்டம் தரையைவிட 2 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். தொட்டிக்குள் சுருண்ட வேரைக் கத்தியால் நான்கு பக்கமும் கீறிப் பிரித்து விடுங்கள். அப்படியே வைத்தால் இரண்டு வருடம் கழித்துப் பிடுங்கினாலும் தொட்டி வடிவத்திலேயே வரும். பைன் பட்டையோ ஊசியிலைச் சருகோ 2 முதல் 3 அங்குல மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டி அல்ல.

மழை இல்லாத வாரத்தில் ஓர் அங்குலம் நீர் போதும். ஆகஸ்டில் காயவிட்டால் அடுத்த வருடப் பூ குறையும், மொட்டு அப்போதுதான் உருவாகிறது. கவாத்துக்கும் இதே கணக்கு: பூ முடிந்த மூன்று வாரத்துக்குள் வெட்டி முடியுங்கள். இலையுதிர் காலத்தில் வெட்டினால் மொட்டைத்தான் வெட்டுகிறீர்கள். அந்தப் பருவத்தில் உள்பக்க இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் பயம் வேண்டாம். பசுமைமாறா வகையிலும் வசந்தத்து இலைகள் கொட்டும், கோடையில் வந்த சிறிய இலைகளே குளிர்காலம் தாங்கும்.

இலை மேல்பக்கம் வெளிறிப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் திருப்பிப் பாருங்கள். அடியில் வார்னிஷ் தெளித்ததுபோல் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் லேஸ் பக் பூச்சி. முழு வெயிலில் நிற்கும் செடிக்கே இது அதிகம். பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலை இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளிக்க வேண்டும், மேலே அடித்துப் பயனில்லை.

வெள்ளைப் பூவுக்குப் பெரிய எதிரி இதழ்க் கருகல் பூஞ்சை. முதலில் குண்டூசித் தலையளவு பழுப்புப் பொட்டு விழும். ஈரமான நாட்களில் இரண்டு மூன்று நாளில் பூ முழுக்கக் கூழாகி இலையோடு ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் இதழை விரலிடுக்கில் தேயுங்கள். வழவழவென்று கரைந்தால் பூஞ்சை. காகிதம்போல் நொறுங்கினால் வெயிலோ பனியோ சுட்டது. பூக்கும் நாட்களில் தலைக்கு மேல் நீர் தெளிக்காமல் அடியில் மட்டும் விடுங்கள். கெட்ட பூக்களைப் பறித்துக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் அல்ல. அழுகிய இதழில் உருவாகும் கறுப்பு விதை போன்ற பூஞ்சைக்கட்டிகள் மண்மேலேயே குளிர்காலத்தைக் கடத்தி, அடுத்த பூக்காலத்தில் வித்துகளை வீசும். ஆகவே மொட்டு விரியும் முன்பே பழைய மூடாக்கை வேர் அசையாமல் வாரியெடுத்துவிட்டுப் புதிதாகப் பரப்பிவிடுங்கள்.