தத்துவ நேர்முகத் தேர்வுக்கு எதைப் படிப்பது?

இளநிலைத் தத்துவப் படிப்பின் சேர்க்கை நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும், பிளேட்டோ முதல் விட்கென்ஸ்டைன் வரை யார் என்ன சொன்னார்கள் என்று மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடும் மாணவர்கள் பலர். அந்த உழைப்பை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது வேறொரு தேர்வுக்குரிய உழைப்பு. பள்ளியில் தத்துவமே பயிலாதவரையும் சேர்த்துக்கொள்ளும் துறைகளில், எதிரே அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் பார்க்க விரும்புவது, முன்பின் கண்டிராத ஒரு சிக்கலோடு மாணவர் எப்படி மல்லுக்கட்டுகிறார் என்பதைத்தான்.

பயிற்சி தரும்போது நான் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கேள்வி, ஒன்றை 'அறிவது' என்றால் என்ன என்பது. அது உண்மையாக இருக்க வேண்டும், நாம் அதை நம்ப வேண்டும், அந்த நம்பிக்கைக்குத் தக்க காரணமும் இருக்க வேண்டும் என்று கொஞ்ச நேரத்தில் விடை வந்துவிடும். உடனே பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் நின்றுபோன கடிகாரத்தைக் கொண்டுவருவேன்: கடிகாரம் 3 மணியில் நின்றிருக்கிறது, தற்செயலாகச் சரியாக 3 மணிக்கு ஒருவர் அதைப் பார்க்கிறார், மணி 3 என்பதை அவர் அறிந்தாரா? இங்கே, இந்த மூன்று நிபந்தனைகளும் போதாது என்று காட்டி 1963இல் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கங்களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைக் குறிப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொள்பவரைவிட, அந்தப் பெயரையே கேள்விப்படாமல், "கடிகாரம் ஓடுகிறது என்ற பொய்யான எண்ணத்தின் மேல் அந்தக் காரணம் நிற்கிறதே" என்று சொல்பவர் வெகுதூரம் முன்னே போய்விடுகிறார்.

நேர்முகத் தேர்வில் ஆசிரியர்கள் அதோடு விடமாட்டார்கள். முகப்பு மட்டுமே உள்ள போலிக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும் சாலையில், அவை போலி என்று தெரியாத ஒருவர், இடையிலிருக்கும் ஒரே உண்மையான கொட்டகையைப் பார்த்து "அது கொட்டகை" என்கிறார். இதில் பொய்யான எண்ணம் எங்கே ஒளிந்திருக்கிறது? இப்போது வரையறையில் இன்னொரு நிபந்தனையைச் சேர்க்கலாம், இதுவும் அறிவுதான் என்று துணிந்து வாதிடலாம், வரையறையையே கைவிடலாம். மூன்றில் எதுவும் குற்றமில்லை. எதைச் செய்கிறோம், அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிய வேண்டும். பேசாமல் சற்று யோசிப்பதற்கும் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை, பதற்றத்தில் இருப்பவருக்கு இதை நம்புவது கடினம் என்றாலும்.

ஆகவே, தத்துவம் படிக்காத ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து, நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் "அப்படியானால்?" என்று கேட்கச் சொல்லுங்கள், துறை தெரிந்தவர் மரியாதைக்காகக் கடந்துபோகும் ஓட்டைகளை அவர் விடமாட்டார். என்ன உடுத்துவது என்பதில் எனக்கு அக்கறையில்லை. விண்ணப்பத்தில் நீங்கள் பெயர் குறிப்பிட்ட நூல்களை மட்டும் மறுபடி எடுத்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் உடன்படாத ஒரு வாதத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்; படித்ததாக நீங்களே எழுதிக்கொடுத்ததிலிருந்து அவர்கள் கேள்வி கேட்கலாம்.