மைனஸில் நின்ற பொறியாளர்

டீம் லீட் ஆன முதல் வருடம், ஏழு பேருக்கு அப்ரைசல் எழுத வேண்டியிருந்தது. நான் முதலில் செய்தது சோம்பேறி வேலை. யார் எத்தனை டிக்கெட் (பதிவான வேலை அல்லது கோளாறு) முடித்தார்கள், எத்தனை வரி கோட் எழுதினார்கள் என்று எக்செல்லில் இறக்கி, மேலிருந்து கீழாக அடுக்கினேன்.

கடைசியில் வந்தவர் டீமிலேயே அதிகம் பேசாதவர். சேர்த்த வரிகளைவிட நீக்கிய வரிகள் அதிகம் என்பதால் மைனஸில் நின்றார். அப்போதுதான் உறைத்தது. 1982-இல் ஆப்பிளின் லிசா கணினிக் குழுவில், இந்த வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று கேட்ட படிவத்தில், கோடைச் சுருக்கி மேம்படுத்தியிருந்த பொறியாளர் பில் அட்கின்சன் '-2000' என்று நிரப்பிய கதையைப் பலரிடம் சொல்லிச் சிரித்தவன் நான்!

சரி என்று ஷீட்டை மூடிவிட்டு, பழைய இன்சிடென்ட் (கோளாறு) குறிப்புகளையும், ஒருவர் கோடை இன்னொருவர் சரிபார்த்து எழுதும் கோட் ரிவ்யூக்களையும் படிக்க உட்கார்ந்தேன். மூன்று நாள் பிடித்தது. மைனஸ்காரர் ஒரு ரிவ்யூவில் எழுதியிருந்தார்: "பேமென்ட் டைம்அவுட் ஆனால் இது மறுபடி அனுப்பும். ஒரே ஆர்டருக்கு இரண்டு தடவை பணம் பிடித்துவிடும்." அந்த கோட் அப்படியே வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். போகவில்லை, அதனால் டிக்கெட்டும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை.

நான் நட்சத்திரமாக நினைத்தவர் கதை வேறு. நள்ளிரவில் அவர் சர்வரைத் தூக்கி நிறுத்திய ஐந்து தடவையில் மூன்று, அவரே டெஸ்ட் பண்ணாமல் தள்ளிய மாற்றத்தால் விழுந்தவை. 'வேலை ஒழுக்கம்' என்ற கட்டத்தில் 'இரவு பகல் பாராதவர்' என்று எழுதியிருந்ததை அழித்தேன். மைனஸ்காரரின் கட்டத்தில், தன் பிழையை யாரும் கண்டுபிடிக்கும் முன்பே குரூப்பில் சொல்லி, மாற்றத்தைத் திரும்ப எடுத்த நாளைத் தேதியோடு குறித்தேன்.

மற்ற மேனேஜர்களோடு ரேட்டிங்கை ஒப்பிடும் கூட்டத்தில், "இவர் பெயரையே கேட்டதில்லையே" என்றார்கள். அந்த பேமென்ட் கமெண்டை வாசித்துக் காட்டினேன். ஒரு படி ஏற்றினார்கள். இரண்டு கேட்டிருந்தேன்.

நட்சத்திரத்தோடு தனியாகப் பேசியதுதான் கஷ்டம். "ராத்திரி எழுந்து வந்ததற்கு இதுதானா?" என்று கேட்டார். ரிலீஸ் விவரங்களைக் காட்டினேன், மறுக்கவில்லை. "அப்புறம் ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்றார். பதில் வரவில்லை எனக்கு. ஒவ்வொரு தடவையும் குரூப்பில் முதல் ஆளாகக் கைதட்டல் எமோஜி போட்டவன் நான்தான்.