தோட்டத்து வேலியோடு நின்றுவிடும் வெள்ள ஆயத்தம்

மலேசியாவின் ஜொகூர் மாநில உட்பகுதியில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் சிறுநகரில், அக்டோபர் மாதம் பிறந்தாலே மாவட்ட மன்றத்தின் ஆட்கள் கடைத்தெருக் கால்வாய்களில் இறங்கிவிடுகிறார்கள். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை நீடிக்கும் என்பதால், அதற்கு முன்பே வெள்ள ஆயத்தக் கூட்டமும் நடந்துவிடும். இந்த ஆண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர்கள் சார்பில் நானும் கலந்துகொண்டேன்.

வெள்ளப் பொறுப்பு முழுவதும் மன்றத்தின் தலையில் இல்லை. மாவட்டம், மாநிலம், மத்திய அரசு என்னும் மூன்று நிலைகளில் பேரிடர் நிர்வாகக் குழுக்கள் இயங்குகின்றன. மாவட்டக் குழுவுக்கு மாவட்ட அதிகாரியே தலைவர். ஆற்று நீர்மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை கவனிக்கிறது. துயர்துடைப்பு மையங்களைச் சமூக நலத்துறை நடத்துகிறது. படகோடு வருபவர்கள் தீயணைப்பு மீட்புத் துறையினரும் பொதுத் தற்காப்புப் படையினரும். மன்றத்துக்கு உரியவை கால்வாயில் படிந்த மண்ணை வாருவது, சாலைக்கு அடியில் செல்லும் குழாய்களின் அடைப்பை நீக்குவது, சாயக்கூடிய மரங்களைக் கழிப்பது, பொது மண்டபத்தின் விளக்கும் கழிப்பறையும் பயன்படும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது, வெள்ளம் வடிந்த பின் நனைந்த மெத்தைகளையும் அலமாரிகளையும் அள்ளிச் செல்ல லாரிகளை ஏற்பாடு செய்வது போன்ற வேலைகள். இவை யார் கண்ணிலும் படாத வேலைகள்தாம். ஆனால் மழைக்கு முன் செய்யாமல் விட்டால், மழை பிடித்த பிறகு செய்ய இயலாதவை. மண்டபத்தின் சாவியை ஒருவரிடம் மட்டும் வைக்காமல் மூவரிடம் கொடுத்து வைப்பது என்று கூட்டத்தில் முடிவானபோது எனக்கு உண்மையாகவே மனநிறைவாக இருந்தது, ஏனெனில் நள்ளிரவில் பூட்டிய கதவுக்கு வெளியே பிள்ளைகளோடு நனைந்து நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து வெள்ளத்துக்கு ஒரு தன்மை உண்டு. மழை பெய்யும்போது வருவதைவிட, மேற்பகுதியில் பெய்த மழை ஆற்றில் இறங்கி வந்த பிறகு, இங்கே வெயில் அடிக்கும் நேரத்தில்தான் நீர் ஏறும். வானத்தைப் பார்த்து முடிவு செய்பவர்கள் இதனால்தான் ஏமாந்து போகிறார்கள். நீர்ப்பாசனத் துறை ஆற்றின் மட்டத்தை வழக்கநிலை, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாகப் பிரித்து இணையத்தில் வெளியிடுகிறது. விழிப்பு நிலையைத் தொட்டவுடனேயே அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டிவிட வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். நாள்காட்டியையும் நம்ப முடியாது. பருவமழை முடியும் தறுவாயில், 2023 மார்ச் தொடக்கத்தில், ஜொகூரில் 40,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆகவே பிப்ரவரியிலேயே மணல் மூட்டைகளை அகற்றிவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

கூட்டத்தில் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் கடைத்தெருவும் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளும் கம்பம் எனப்படும் கிராமங்களும் வண்ணமிட்டுக் காட்டப்பட்டிருந்தன. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடம் வெறும் பச்சை நிறம். தோட்டம் தனியார் நிலம் என்பதால் மன்றத்தின் துப்புரவுப் பணி வேலியோடு நின்றுவிடுகிறது. தொழிலாளர் குடியிருப்பின் பராமரிப்பை 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் முதலாளியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. தாளில் இது தெளிவாகவே உள்ளது. ஆனால் தோட்டத்து வாய்க்காலில் மட்டைகள் விழுந்து அடைத்துக்கொண்டால், அந்த நீர் வேலியைத் தாண்டி மன்றத்தின் கால்வாய்க்குள்தான் வர வேண்டும். மன்றத்தின் கால்வாய் நிரம்பினால் அது திரும்பி லயத்துக்குள் ஏறும். தாழ்வான லயங்களில் வசிப்பவர்களுள் பலர் வேலை ஓய்ந்த முதியவர்கள். இணையத்தில் ஆற்று மட்டத்தைத் தேடிப் பார்க்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

2006ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் நாங்கள் லயத்தில்தான் இருந்தோம். இரவில் முழங்கால் அளவு நீர் வந்த பிறகே, பழக்குலைகளை ஏற்றும் டிராக்டரில் எங்களை ஏற்றினார்கள். அப்பா தம் நீரிழிவு மருந்தை விட்டுவிட்டு வந்தார். அடுத்த இரண்டு நாள் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தின் முடிவில், என் அருகில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்து, “ஐயா, லயத்துக்கு யாரு வந்து சொல்லுவாங்க?” என்று கேட்டார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அதிகாரி ஒருவர், லயத்து வீடுகளின் பட்டியல் கிடைத்தால் அதை மாவட்டக் குழுவிடம் சேர்ப்பதாகச் சொன்னார். நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

வரும் சனிக்கிழமை, நிர்வாகியிடம் அனுமதி பெற்று, மூவர் லயங்களுக்குப் போகிறோம். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், படுக்கையில் இருப்பவர் யார், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் யார், இன்சுலின் போடுகிறவர் யார், இரவில் எந்தக் கைப்பேசி எண்ணை அழைத்தால் எடுப்பார்கள் என்று எழுதி, திங்கட்கிழமை காலையில் மாவட்ட அலுவலகத்தில் ஒரு படியும் மன்றத்தில் ஒரு படியும் கொடுப்போம். உயரமான வண்டி வைத்திருப்பவர்கள் யாரேனும் அந்தப் பட்டியலில் தங்கள் எண்ணையும் சேர்க்க விரும்பினால், வெள்ளிக்கிழமைக்குள் எனக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.