பேசும் குழலில் ஒரு பெயர், பெட்டிக்குள் வேறொரு பெயர்

போன ஏப்ரலில் இங்கே ஓஹையோவில் ஒரு பண்ணை வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றார்கள். அங்கேதான் இந்த ஓக் மரச் சுவர்த் தொலைபேசியை 140 டாலருக்கு வாங்கினேன். மேலே இரண்டு மணிகள், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் பேசும் குழல், இடப்பக்கக் கொக்கியில் ரிசீவர், வலப்பக்கம் சுற்றுகிற கைப்பிடி. பேசும் குழலின் உலோக முகத்தில் ‘வெஸ்டர்ன் எலக்ட்ரிக்’ என்று பொறித்திருந்தது. விற்றவரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விற்றார். அந்த நிறுவனம் செய்தது என்றே நானும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் கதவைத் திறந்து பார்த்தேன். 1950களில் இதே வடிவத்தில் ரேடியோ செய்து விற்றிருக்கிறார்கள். அசல் பெட்டியின் உள்ளுறுப்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு அலங்காரப் பொருளாக மாற்றியவர்களும் நிறைய. என் பெட்டிக்குள் மேக்னெட்டோ, அதாவது கைப்பிடியைச் சுற்றினால் மின்சாரம் உண்டாக்கும் கருவி, இருந்தது. ஐந்து லாடக் காந்தங்கள் வரிசையாக நிற்க, அவற்றின் நடுவே கம்பி சுற்றிய உருளை. கைப்பிடியைச் சுற்றத் தொடங்கும்போது அதன் தண்டு கொஞ்சம் நகர்ந்து ஒரு பித்தளைத் தகட்டைத் தொடுகிறது. அந்தத் தொடுகைதான் மேக்னெட்டோவை லைனோடு சேர்க்கிறது. கையை எடுத்தால் ஸ்பிரிங் தண்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நூறு வருடத் தூசிக்கு அடியிலும் அந்த ஸ்பிரிங் வேலை செய்தது. மல்டிமீட்டரை வைத்துச் சுற்றினேன், 80 வோல்ட் ஏசி காட்டியது. வெறும் கையால் முனைகளைத் தொட வேண்டாம், நன்றாகவே உதறும்.

மணியின் இரண்டு காயில்களையும் சேர்த்து அளந்தால் ஏறத்தாழ 1600 ஓம். இந்த எண்ணை வைத்து யார் செய்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே கம்பியில் பல பண்ணை வீடுகள் சேர்ந்திருந்த லைனுக்கான மணி இது என்று புரிந்தது. அங்கே எல்லா வீட்டிலும் மணி அடிக்கும். இரண்டு நீளம், ஒரு குட்டை என்கிற மாதிரி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. அதைக் கேட்டுத்தான் யாருக்கு அழைப்பு என்று தெரிந்துகொள்வார்கள்.

இங்கேதான் சந்தேகம் வந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1880களிலிருந்தே பெல் தொலைபேசி நிறுவனத்துக்குக் கருவிகள் தயாரிக்கும் கிளை. பெல்லின் அடிப்படைக் காப்புரிமைகள் 1893, 1894-இல் முடிந்ததும், பெல் எட்டிப் பார்க்காத கிராமங்களுக்குச் சுயேச்சை நிறுவனங்கள் புகுந்தன. அவற்றுக்குக் கருவி செய்து கொடுக்க சிகாகோவில் கெல்லாக், ஸ்வீடிஷ்-அமெரிக்கன் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. பிற்காலத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கும் அந்தச் சந்தையில் விற்றது. அதனால் என் பெட்டி யாருடையதாகவும் இருக்கலாம். பேசும் குழல், ரிசீவர், அதன் மூடி இவையெல்லாம் சுலபமாகக் கழன்று வருபவை. பழுதானால் லைன்மேன் பையில் இருந்ததை மாட்டிவிட்டுப் போயிருப்பார். உறுப்புகளில் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதியையும் அப்படியே நம்பக் கூடாது. அதற்கு முன்னால் செய்யப்பட்டதில்லை என்று மட்டும்தான் அது சொல்லும். அந்தத் தேதிக்குப் பல வருடம் கழித்தும் அதே முத்திரையோடு செய்துகொண்டிருந்தார்கள்.

அதனால் கழற்ற முடியாததைத் தேடினேன். கதவின் உட்புறத்தில் பழுப்பேறிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. வயரிங் படம். பாதிக்கு மேல் பூச்சி அரித்திருந்தது. ஈரத்துணி போட்டுத் துடைக்கக் கை பரபரத்தது, நல்லவேளை செய்யவில்லை. ஓவியம் தீட்டுகிற மெல்லிய பிரஷ்ஷால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, அறை விளக்கை அணைத்து, டார்ச்சைத் தாளோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுத்தேன். கைப்பேசியில் படத்தின் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியபோது கடைசி வரி மெல்லத் தெரிந்தது: ‘...ஸ்டர், என். ஒய்.’ மேல் வரியில் ஒரு சிறு இணைப்புக்கோடு. அதற்குப் பின் ஏழு ஆங்கில எழுத்துக்கான இடம், அதன் முடிவில் ‘...சன்’.

பெயரில் கோடு இருந்த நிறுவனங்கள் ஒன்றிரண்டு அல்ல. ஸ்வீடிஷ்-அமெரிக்கன் சிகாகோவில் இருந்தது, ஹோல்ட்சர்-கபோட் பாஸ்டன் பக்கம். ‘சன்’ என்று முடிந்து, நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் இருந்தது ஸ்ட்ரோம்பெர்க்-கார்ல்சன். ஆல்ஃபிரட் ஸ்ட்ரோம்பெர்க், ஆன்ட்ரோவ் கார்ல்சன் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் 1894-இல் சிகாகோவில் தொடங்கியது அது. 1900களின் தொடக்கத்தில் ரோச்செஸ்டருக்கு இடம் மாறியது. தாளில் ரோச்செஸ்டர் இருப்பதால் என் பெட்டி அந்த மாற்றத்துக்குப் பிந்தையது. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

தாள் மட்டும் போதாது என்று பேசும் குழலின் தாங்கியையும் கழற்றிப் பார்த்தேன். மூன்று ஸ்க்ரூ. அதற்கு அடியில் மரம் வெளிறாமல் கருஞ்சிவப்பாக ஒரு வட்டம், தாங்கியின் அடித்தகட்டைவிட அரை விரல் பெரியது. வட்டத்துக்குள் நான்கு பழைய துளைகள். தீக்குச்சி கனத்தில் மரச் சில்லு செதுக்கி அவற்றை அடைத்திருந்தார்கள். ஆக, வேறொரு தாங்கி இங்கே பல வருடம் இருந்திருக்கிறது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

ஸ்ட்ரோம்பெர்க்-கார்ல்சன் பேசும் குழல் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டலாமா என்று நண்பர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன், வேண்டாம். அந்தச் சில்லுகளை அவ்வளவு பொறுமையாகச் செதுக்கி அடைத்தவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அதே மூன்று ஸ்க்ரூவையும் போட்டு முடுக்கிவிட்டேன்.

பாலிஷ் எதுவும் போடவில்லை, உலர்ந்த துணி மட்டும்தான். தாளின் மேல் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தகட்டை, ஒட்டாமல், ஓரத்தில் மட்டும் பிடித்து வைத்திருக்கிறேன். கைப்பிடியைச் சுற்றினால் அதன் மணியே கணீரென்று அடிக்கிறது. ரிசீவருக்குத் துணி சுற்றிய வயர் இன்னும் வந்து சேரவில்லை. அது வந்த பிறகுதான் 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டைப் போட்டுப் பேசிப் பார்க்க வேண்டும்.